மதிலுக்கு வெளியே ஓர் அடம்பங்கொடி

ஜூன் 4

சலேத்தைப் புதைத்த மேடு மறுபடியும் காணாமல் போயிருந்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து இப்படித்தான். கல்லறைத் தோட்டத்து மதிலில் நீலச் சாயம் உரிந்த தூண் ஒன்று இருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றால் காலடியில் சலேத். நாளை யாராவது அந்தத் தூணுக்குச் சாயம் அடித்துவிட்டால் எனக்கு இடம் தெரியாது.

கையால் மணலைக் கூட்டி மேடாக்கினேன். தலைமாட்டை முடிப்பதற்குள் கால்மாடு பறந்துவிட்டது.

மார்ச் மாதம் அடக்கத்தன்றே ஊர்க் கமிட்டி சொல்லிவிட்டது. மதிலுக்குள் இடம் கிடையாது. வெளியே புதைத்துக்கொள்ளலாம், ஆனால் சிமெண்டோ கல்லோ சிலுவையோ நிறுத்தக் கூடாது. இன்னும் ஒரு கச்சான் அடித்தால் அங்கே ஒருத்தி கிடக்கிறாள் என்பதற்கு அடையாளமே இருக்காது. அதற்காகத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

செடியைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை.

இந்த மணலைப் பிடித்து நிறுத்துவதற்குக் கரையில் படரும் அடம்பை விட்டால் வேறு இல்லை. போன மாதம் கொடியை வெட்டிவந்து நட்டேன். ஒரே வாரத்தில் காய்ந்த கயிறாகிவிட்டது. நான் இருப்பது தூத்துக்குடியில். தினமும் வந்து தண்ணீர் ஊற்ற முடியாது. இந்த ஊரில் எனக்காக ஊற்றவும் ஆளில்லை. எனவே விதை. வீட்டில் வளர்த்து, வேர் நன்றாக இறங்கிய பிறகு ஐப்பசி மழைக்குக் கொண்டுவந்து வைப்பது. கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. அன்றைக்கு அந்த இடம் பச்சையாக இருக்க வேண்டும்.

இருபது வருடத்துக்கு மேல் தாவரவியல் நடத்தியிருக்கிறேன். என் ஆய்வு கடற்பாசியில். ஒரு விதையையாவது கையால் முளைக்க வைத்ததாக நினைவில்லை.

ஜூன் 9

பேருந்தில் வடக்கே போய், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு கரையில் இறங்கினேன். சலேத்தின் ஊரில் அடம்பு இப்போது இல்லை. ஐஸ் கம்பெனிக்குப் பாதை போட்டபோது கரையையே வழித்துவிட்டார்கள். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது. காலை நேரமாதலால் பூ எல்லாம் விரிந்திருந்தது. ஊதா என்றும் சொல்ல முடியாது, ரோஸ் என்றும் சொல்ல முடியாது.

காய்ந்த காயைக் கிள்ளினால் உள்ளே நான்கு விதை, பழுப்பு வெல்வெட்டுப் போர்த்திக்கொண்டு. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், நான் குனிந்து பொறுக்குவதைப் பார்த்து, சர்க்கரை வியாதிக்கா என்று கேட்டாள். நடுவதற்கு என்றேன். அடம்பைப் போய் யாராவது நடுவார்களா என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் பட்டது.

ஜூன் 15

தண்ணீரில் ஊறப்போட்டேன். போட்டபடியே கிடக்கின்றன. கடலில் மாதக்கணக்காக மிதந்து இன்னொரு கரை சேர்வதற்கென்று அமைந்த தோல். என் எவர்சில்வர் கிண்ணத்துக்கு அது மசியுமா?

ஜூன் 19

வெந்நீர். அவிந்து நாறிவிட்டன.

ஜூன் 21

தோலைக் கீறினால்தான் தண்ணீர் உள்ளே போகும். முதல் ஆண்டு மாணவிக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். கீறுவதற்கு ஏற்ற பிளேடு சலேத்தின் பெட்டியில்தான் இருந்தது, அதனால்தான் இரண்டு வாரம் வேறு வழி பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

பெட்டியைத் திறந்தேன். நர்ஸ்களுக்கே உரிய ஒழுங்கு. பிளேடு, பஞ்சு, பிளாஸ்டர், எனக்குத் தலைவலி வந்தால் தேய்க்கும் தைலம். பிளேடை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினேன்.

விதையின் கண்ணுக்கு எதிர்ப்பக்கமாக லேசாகக் கீறி, உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு. உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்த வேண்டும். இரண்டு விதை வழுக்கிக் கட்டைவிரலில் வெட்டு விழுந்தது. பிளாஸ்டருக்காகப் பெட்டியை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 22

காலையில் பார்த்தால் எல்லாம் இரண்டு பங்கு பருத்திருக்கின்றன.

ஜூன் 27

முளைத்துவிட்டது. முதல் இலை இரண்டும் நடுவே பிளந்து, ஆட்டுக்குட்டி மண்ணில் கால் ஊன்றியது போல.

கல்லூரிக்குத் தாமதமாகப் போனேன். அட்டெண்டர் சண்முகக்கனி காரணம் கேட்டதற்குச் சொன்னேன். அவளுக்குச் சலேத்தைத் தெரியும். அவள் பிரசவத்துக்குச் சலேத்துதான் கூட நின்றாள். "அவங்களே செடியா வாராங்க மேடம்" என்றாள். விதை வேறொரு கரையில் பொறுக்கியது, சலேத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, "இருந்தாலும்" என்றாள்.

ஜூலை 13

ஊருக்குப் போயிருந்தேன். மேட்டைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது கமிட்டித் தலைவர் இன்னாசி மதிலுக்கு உள்ளே வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். கோபமில்லாமல் பேசக்கூடிய மனிதர், அதுதான் அவரிடம் சிரமம்.

"டீச்சர், ஒரு வார்த்த. அவளுக்காவ நீங்க கேட்டாப் போதும். கோயில் படியில நின்னு, தப்புதான் மன்னிச்சிருங்கன்னு. மதில இங்கிட்டுத் தள்ளிக் கட்டி அவள உள்ள சேத்துருதோம். சிலுவையும் வச்சிக்கிடுங்க."

"என்ன தப்பு?"

"அது ஊருக்குத் தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா ஊரே கேட்டுக்கட்டும்."

அவர் சிரித்தார். "அவளும் இதேதான் சொன்னா" என்றார். கல்லறைத் திருநாள் வரைக்கும் நேரம் இருக்கிறது, யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதி வைக்கிறேன், எனக்கே குழப்பம் வரக் கூடாது. பதினைந்து வருடம் முன்பு படகுத் தகராறில் போலீசுக்குப் போன ஒரு குடும்பத்தைக் கமிட்டி ஊர்விலக்கு செய்தது. யாரும் அந்த வீட்டோடு பேசக் கூடாது, குழாயில் தண்ணீர் பிடிக்க விடக் கூடாது. அந்த வீட்டில் ஒரு நிறைமாதப் பெண். விடுமுறைக்குப் போயிருந்த சலேத் நடுத்தெரு வழியாக, எல்லாரும் பார்க்க, குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோனாள். பிரசவமும் பார்த்தாள். அவளையும் விலக்கினார்கள். மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இவள் கேட்கவில்லை. அந்தக் குடும்பம் கேரளத்துக்குப் போய்விட்டது. கமிட்டியில் பாதிப்பேர் மாறிவிட்டார்கள். தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

சாகும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: ஊர் மண். உள்ளேயா வெளியேயா என்று சொல்லவில்லை.

ஜூலை 14

கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 6

நாற்றுகளை மாடியில் வைத்தால் குரங்கு, வாசலில் வைத்தால் ஆடு. இரண்டாவது அறையில் ஜன்னலோரக் கட்டிலில் வரிசையாக வைத்துவிட்டேன். வெயில் நன்றாக விழுகிறது. அந்தக் கட்டிலில் இதுவரை யாரும் படுத்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக வாங்கியது. வருகிறார்கள் என்று தெரிந்தால் சலேத் அதன்மேல் ஒரு தலையணையும் கலைந்த போர்வையும் போடுவாள். போர்வையைக் கலைப்பதில் அவளுக்கு ஒரு தேர்ச்சி இருந்தது.

இப்போது அதன்மேல் மணல் சிந்திக் கிடக்கிறது. பெருக்கவில்லை.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். ஊரில் கூட்டம். சலேத்தின் அக்கா கித்தேரியைக் கொடிமரத்துக்கு அருகில் பார்த்தேன். அதே நெற்றி, அதே நடை. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கொடிமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு மகன்களும் கடலுக்குப் போகிறவர்கள். கமிட்டி வேண்டாம் என்றால் வலை இழுக்கக்கூட ஆள் கிடைக்காது. அடக்கத்தன்றும் அவள் வரவில்லை. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, கதவுக்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது.

மன்னிக்க வேண்டியது நானில்லை. அதனால் எனக்கு அந்தச் சிரமமில்லை.

செப்டம்பர் 11

புழு. பாதி நாற்று போய்விட்டது. மிச்சமிருப்பவை கட்டில் காலைச் சுற்றிக்கொண்டு தரையில் இறங்கிக் கூடத்தை நோக்கி வருகின்றன.

புதிதாக வந்த துறைத் தலைவி என்னிடம், "உங்க ரூம்மேட் இறந்துட்டாங்களாமே, வேற யாராவது பார்த்துட்டீங்களா, தனியா வாடகை கஷ்டமில்லையா" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். பார்க்கிறேன் என்றேன். மார்ச்சில் மூன்று நாள் விடுப்புக்குக் காய்ச்சல் என்று காரணம் எழுதியவள் இப்போது வேறென்ன சொல்ல முடியும்?

அக்டோபர் 13

முதல் மழை. மணல் ஒரு முழம் ஆழத்துக்கு நனைந்திருக்கிறது. நட்டாயிற்று.

மீன்கூடை ஒன்றில் நாற்றுப் பைகளை அடுக்கிப் பேருந்தில் ஏற்றினேன். நடத்துநர் கூடைக்குச் சீட்டு எடுக்கச் சொன்னார், மீன் இல்லை என்று திறந்து காட்டியதும், "இதுக்கு மீனே பரவால்ல" என்றார்.

பையைக் கிழித்து, வேர் உடையாமல், மேட்டைச் சுற்றி வைத்தேன். கொடிகளைக் கணுவுக்குக் கணு மணலில் அமுக்கிவிட்டேன். ஒவ்வொரு கணுவும் தனியாக வேர்விடும். அதற்குப் பிறகு தாய்ச்செடி செத்தாலும் அதற்குக் கவலையில்லை.

இன்னாசியும் இரண்டு பேரும் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். என்ன கட்டுகிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். கட்டவில்லை, நடுகிறேன் என்றேன். இன்னாசி எட்டிப் பார்த்தார். "அடம்பா? அதுல என்ன இருக்கு, கெடந்துட்டுப் போவுது" என்றார். போகும்போது, தேதி நெருங்குகிறது என்று ஞாபகப்படுத்தினார்.

அக்டோபர் 25

மொட்டு. ஒன்றே ஒன்று, நீலத்தூண் பக்கத்துக் கொடியில். விதை போட்டு இவ்வளவு சீக்கிரம் பூக்காது என்றுதான் நினைத்திருந்தேன். இன்னும் ஒரு வாரத்தில் விரியலாம், விரியாமலும் போகலாம்.

இரவு மழையில் மேட்டுக்கு எதுவும் ஆகவில்லை. கொடி மூடியிருந்த இடம் மூடியபடி இருக்கிறது. சுற்றிலும் மணல் அரித்திருக்கிறது. அந்தத் தூணை இனிமேல் பார்க்க வேண்டியதில்லை.

இதையும் எழுதிவிட வேண்டும். நேற்றுக் குளிக்கும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். தப்புதான், மன்னித்துவிடுங்கள். உள்ளே அவளுடைய அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். ஒரு வாக்கியத்தில் அவர்கள் பக்கத்தில் சேர்த்துவிடலாம். "தப்பு" வரைக்கும் வந்தது. பிறகு குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.

நவம்பர் 1

மெழுகுவத்தி இரண்டு வாங்கினேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. சலேத்துக்கு இருந்தது.

நவம்பர் 2

முதல் பேருந்தில் போனேன். கல்லறைத் தோட்டம் முழுக்க ஆட்கள். திருநாளுக்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையில் முளைத்த புல்பூண்டையெல்லாம் பிடுங்கி, புதுமணல் போட்டு, கேந்திப் பூ வைப்பார்கள். ஒரு பச்சை விட்டாலும் பிணத்தைக் கவனிக்காதவர்கள் என்று பெயர். எனக்கு அது தெரியும். மதிலுக்கு உள்ளே நடக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன்.

வெளியே வந்து பார்த்தால் சலேத்தின் மேடு வெள்ளைவெளேர் என்று இருந்தது. உள்ளங்கையால் தட்டித் தட்டி மட்டம் செய்த மணல். ஓரமெல்லாம் சிப்பி பதித்திருந்தது. கேந்திமாலை. காற்றில் அணையாமல் இருக்க, வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் மெழுகுவத்தி. ஒரு இலைகூட இல்லை.

பக்கத்தில் கித்தேரி உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை மணல். மதிலுக்குள் இருந்த மொத்த ஊரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வாங்க டீச்சர்" என்றாள். நான் அவள் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. "ஒரு புல்லு விடாம புடுங்கிட்டேன். எந்தங்கச்சி கல்லறை காடாக் கெடக்கலாமா? பாருங்க, அம்மா கல்லறைக்குக்கூட நான் இப்பிடிச் செஞ்சதில்ல."

நான் நின்றேன். எனக்கு அந்தக் கொடியோடு ஐந்து மாதம். அவளுக்குத் தங்கையோடு பேசாத பதினைந்து வருடம்.

"கொடி எங்க?" என்றேன்.

"எது?"

"இங்க கெடந்த அடம்பு. அத நான்தான் விதை போட்டு வளர்த்தேன்."

"அடம்பையா?" சிரிக்கப் பார்த்தாள். "அத யாரு வளப்பா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் கொடியின் பால் ஒட்டிக் கறுத்திருந்தது. எழுந்து ஓடினாள், நிஜமாகவே ஓடினாள், முட்செடி ஓரமாகச் சுருட்டி எறிந்திருந்த கொடிக்கட்டைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கட்டுக்குள் அந்த மொட்டு விரிந்திருந்தது. பிடுங்கிய கொடியிலும் மொட்டு விரியும். இதழில் நீர் இருக்கும்வரை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பூவைப் பார்த்ததும் கித்தேரி, "அய்யோ, நானே கொன்னுட்டனே" என்றாள்.

"இல்ல" என்றேன். "உடைங்க. கணு ரெண்டு இருக்கிற மாதிரி உடைங்க. மழை காலம். பிடிச்சுக்கும்."

இருவரும் உட்கார்ந்து உடைத்தோம். அவள் அழகாகச் செய்த மேட்டை அவளே தோண்டினாள். மேட்டில் நட்டது போக மிச்சம் இருந்தது. மதில் ஓரமாகவே நட்டுக்கொண்டு போனோம். மண்டியிட்டுக்கொண்டு, பின்பக்கம் ஊரைப் பார்க்க. இன்னாசி ஏதோ கூப்பிட்டார். கித்தேரி நிமிராமல், "கேக்கல" என்றாள். அவர் நின்ற இடம் பத்தடிகூட இருக்காது.

தண்ணீர் வேண்டும் என்று நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். அவளிடம் சொன்னது. கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது, நிறையத் தண்ணீரோடு. வளையல் போட்ட இரண்டு கை அதைப் பிடித்திருந்தது. நான் எழுந்து வாங்கிக்கொண்டு, யாரென்று எட்டிப் பார்க்கப் போனேன். கித்தேரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரு தந்தான்னு பாக்காதிய டீச்சர். பாத்தா கேட்டவங்களுக்குச் சொல்லணும்."

பார்க்கவில்லை. வாளியைக் காலியாக்கி மதிலுக்கு மேலே நீட்டினேன். கை வாங்கிக்கொண்டது. மறுபடி நிறைந்து வந்தது. மூன்றாவது வாளி வேறு நிறம்.

நண்பகலில் பூ சுருங்கிவிட்டது. அதன் வழக்கமே அதுதான். நான் எந்தப் படியிலும் நிற்கவில்லை.

நவம்பர் 3

இரண்டாவது அறையைப் பெருக்கினேன். கட்டிலைச் சண்முகக்கனி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். விருந்தாளி வந்தால் எங்கே படுப்பார்கள் என்று கேட்டாள். இந்த வீட்டில் ஒரு கட்டில்தான் உண்டு, எப்போதும் ஒன்றுதான் என்றேன். "தெரியும் மேடம்" என்றாள்.

நவம்பர் 21

கித்தேரி போன் செய்தாள். நல்ல மழையாம். கணுவுக்குக் கணு துளிர்விட்டிருக்கிறது, ஒன்று இருந்த இடத்தில் இருபது இருக்கிறது, பிடுங்கினது நல்லதாய்ப் போயிற்று என்கிறாள். அதை என்னால் மறுக்க முடியவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்.

டிசம்பர் 8

கித்தேரியையும் கோயில் படியில் நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார்களாம். நின்றிருக்கிறாள். "அக்கா தங்கச்சி கல்லறைய சுத்தம் பண்ணது தப்புன்னு ஒருத்தன் வாயால சொல்லட்டும், நான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் அப்படியே நின்றிருக்கிறாள். ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பெண்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள், பிறகு ஆண்கள் சாப்பிடப் போனார்கள். மகன்களுக்கு ஒரு வாரம் வலைக்கு ஆள் வரவில்லை. இப்போது வருகிறார்கள் என்கிறாள்.

ஜனவரி 18

மழைத்தண்ணீர் வடிய மதிலின் அடியில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். அதன் வழியாகக் கொடி உள்ளே போய்விட்டது. உள்ளே போனதோடு நிற்காமல் வரிசையாக மூன்று கல்லறை தாண்டி, பளிங்குக் கல் பதித்த பெரிய கல்லறை ஒன்றில் ஏறிப் பூத்திருக்கிறது. இன்னாசியின் அப்பாவுடையது. அவர் வெட்டச் சொன்னாராம். வெட்டினால் துண்டுக்குத் துண்டு முளைக்கும் என்று கித்தேரி சொல்ல, அரிவாளோடு வந்தவன் அவரையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டானாம்.

இதையெல்லாம் அவள் போனில் சொன்னபோது பின்னால் வேறு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"தலைவரோட அப்பன் நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்கா டீச்சர். எறங்கச் சொன்னா எறங்குவாளா அவ?"

அது வடக்குக் கரையில் பொறுக்கிய விதை, சலேத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எறங்க மாட்டா" என்றேன்.